மாமனாரின் பூர்வீக ஊர் தென் இத்தாலியில்: போய்ப் பார்க்க வழி சொல்லுங்கள்

மீனா, ஜெயநகர்:
என் கணவர் அமெரிக்காவில் பிறந்தவர், வேலை பெங்களூரில். அவருடைய அப்பாவின் தாத்தா 1900களின் தொடக்கத்தில் தென் இத்தாலியிலிருந்து நியூயார்க்குக்குக் கப்பல் ஏறியவர். மாமனாருக்கு எழுபது தாண்டிவிட்டது, மாடிப்படி ஏறினால் மூட்டு வலிக்கும், ஆனாலும் அந்த ஊர் மண்ணை ஒரு தடவையாவது மிதித்துவிட வேண்டும் என்று போனில் பேசும்போதெல்லாம் சொல்கிறார், கேட்கவே மனசு கரைகிறது. கையில் இருப்பது ஒரு பழைய காகிதம் மட்டும்தான். அதில் ஃபெர்ராண்டினா, பொட்டென்சா என்று இருக்கிறது, மேப்பில் பார்த்தால் மத்தேரா மாகாணம் என்று வருகிறது. இரண்டு வேறு ஊர்களா? ஆகஸ்டில் போகலாமா? மத்தேராவில் தங்கி ஒரு பகல் போய்வந்தால் போதுமா? நான் சைவம், அதையும் சொல்லுங்கள்.

செந்தில், அல்சூர்:
ஊர் ஒன்றுதான், ஃபெர்ராண்டினா. பொட்டென்சா என்பது அப்போதைய மாகாணத்தின் பெயர். 1927 வரை அந்த ஊர் இருக்கும் பசிலிகாட்டா பகுதி முழுவதும் ஒரே மாகாணம், தலைநகர் பொட்டென்சா. அந்த வருடம்தான் மத்தேராவைத் தனி மாகாணமாகப் பிரித்தார்கள்.

டிக்கெட் போடும் முன் காகித வேலையை முடியுங்கள், ஏனென்றால் தாத்தாவின் பெயரும் பிறந்த வருடமும் தெரியாமல் போனால் ஊரைப் பார்க்கலாம், குடும்பத்தைப் பார்க்க முடியாது. பசிலிகாட்டாவும் சேர்ந்த பழைய நேப்பிள்ஸ் அரசுப் பகுதியில் 1809 முதலே பிறப்பு, திருமணம், இறப்பு எல்லாம் அரசுப் பதிவு. அதில் நிறைய ‘அன்தெனாத்தி’ என்ற அரசு இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, எந்தெந்த வருடம் என்பது ஊருக்கு ஊர் மாறும். பெண்களைப் பிறந்த வீட்டுப் பெயரிலேயே தேடுங்கள், அங்கே கல்யாணத்துக்குப் பிறகும் பதிவேட்டில் பெயர் மாறாது. இன்னொன்று, மூத்த பையனுக்கு அப்பா வழித் தாத்தா பெயர் வைப்பது நம்மைப் போலவே அவர்களுக்கும் வழக்கம், அதனால் ஒரே பெயரில் நாலைந்து பங்காளிகள் இருப்பார்கள், அப்பா அம்மா பெயரையும் சேர்த்துப் பார்த்தால்தான் உங்கள் ஆள் யாரென்று உறுதியாகும்.

கிடைத்ததை வைத்து ஊர் நகராட்சிக்கு, அதாவது கொமூனேவுக்கு, இத்தாலிய மொழியில் முன்கூட்டியே மின்னஞ்சல் போடுங்கள். 2025 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு கொள்ளுத்தாத்தா வழியாக மட்டும் குடியுரிமை கேட்க முடியாது, ஆனாலும் அதற்குத்தான் எழுதுகிறீர்கள் என்று அவர்கள் நினைத்துவிடாமல் இருக்க, நீங்கள் வருவது குடும்பத்தைத் தெரிந்துகொள்ளத்தான் என்று முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.

ராதா, கோரமங்களா:
மீனா அக்கா, ஆகஸ்ட் வேண்டாம். 15ஆம் தேதி ஃபெர்ராகோஸ்தோ பண்டிகை, அதை ஒட்டி அலுவலகங்களில் ஆளே இருக்காது, வெயிலும் அதிகம், மாமாவுக்குத் தாங்காது. மே கடைசி அல்லது செப்டம்பர், அதுவும் வார நாட்கள். மதியம் கடைகளை மூடிவிடுவார்கள், காலையிலேயே போய்விடுங்கள்.

ஒரு பகல் போதவே போதாது. ஊரிலேயே தங்குங்கள், ஒன்றிரண்டு நாளாவது. சாயங்காலம் சதுக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களிடம் மாமா தன் குடும்பப் பெயரைச் சொல்லட்டும், பதிவேட்டில் இல்லாததும் அங்கே கிடைக்கும். கல்லறைத் தோட்டத்தில் மட்டும் ரொம்ப எதிர்பார்க்க வேண்டாம், சில வருடங்களில் எலும்புகளை எடுத்துப் பொது இடத்தில் சேர்த்துவிடுவது அங்கே வழக்கம், இதை மாமாவிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

கார் அவசியம். ரயில் நிலையம் பள்ளத்தாக்கில், ஊர் மலைமேல். பாரி நகர விமான நிலையத்தில் இறங்கி வண்டி எடுங்கள், நீங்கள் ஓட்டுவதென்றால் ஆர்டிஓவில் இன்டர்நேஷனல் பெர்மிட் வாங்கிக்கொள்ளுங்கள். பழைய நகரப் பகுதிகளில் கேமரா வைத்த தடை எல்லை உண்டு, தெரியாமல் நுழைந்தாலும் அபராதம்தான். அப்புறம் மாமாவுக்கு விசா தேவையில்லை, உங்கள் இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் வேண்டும், 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீட்டோடு.

சாப்பாட்டுக்குக் கவலையே படாதீர்கள். நம் மொச்சை மாதிரியான ஃபாவா பயறைக் காயவைத்துக் கூழாக்கிக் கீரையோடு தருவார்கள், சுத்த சைவம். குருஸ்கி மிளகாயை நம் மோர்மிளகாய் மாதிரி எண்ணெயில் பொரிப்பார்கள், காரமே இருக்காது. பாஸ்தாவில் நெத்திலி இருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். ஃபெர்ராண்டினாவின் அடுப்பில் வாட்டிய ஆலிவ் அந்த ஊரின் பெருமை, அதை வாங்காமல் வராதீர்கள்.

மீனா, ஜெயநகர்:
இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. அப்படியானால் செப்டம்பர்தான். மத்தேராவில் சஸ்ஸி குகை வீடுகளைப் பார்க்க மாமாவால் நடக்க முடியுமா?

செந்தில், அல்சூர்:
உள்ளே எல்லாம் கல் படிக்கட்டு, வேண்டாம். மேலே சாலையோரத்தில் நின்று பார்த்தாலே முழுவதும் தெரியும். 1952 சட்டத்துக்குப் பிறகு சுமார் 15,000 பேரை அங்கிருந்து புது வீடுகளுக்கு மாற்றினார்கள், 1993இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. ஒரு காலை ஒதுக்கினால் போதும், மிச்ச நேரம் எல்லாம் ஃபெர்ராண்டினாவுக்கே வைத்துக்கொள்ளுங்கள்.