எத்தனால் கலந்த தண்ணீரில் அறுகோணம் வரவில்லை, கோடுகள் ஊர்கின்றன. ஏன்?

கேள்வி (பாலிடெக்னிக் மாணவர், யீஷூன்):
வணக்கம். அடியில் சூடேற்றிய மெல்லிய திரவப் படலத்தில் தானாக உருவாகும் அறுகோண வடிவங்களை (பெனார் அறுகோணங்கள்) ஒரு கலவையில் வரவழைப்பதுதான் என் புராஜெக்ட். தண்ணீரில் எடைக்கு 10% எத்தனால், ஓட்டம் கண்ணுக்குத் தெரிய ஒரு சிட்டிகை மைக்காத்தூள், 3 மி.மீ. ஆழம், அடியில் ஹாட்பிளேட். மூன்று நாளாக மல்லுக்கட்டுகிறேன். திறந்த தட்டில் திட்டுத்திட்டாகக் கலைகிறது. மேலே கண்ணாடி வைத்து மூடினால் இணைகோடுகள் வருகின்றன, ஆனால் ஒரே பக்கமாக ஊர்ந்துகொண்டே இருக்கின்றன. ரசமட்டம் வைத்துப் பார்த்துவிட்டேன், தட்டு சாயவில்லை. எங்கே தப்பு?

பதில் 1:
தம்பி, முதலில் திறந்த தட்டை நிறுத்துங்கள். எத்தனால் ஆவி எளிதில் தீப்பிடிக்கும். பிரெஞ்சு இயற்பியலாளர் பெனார் 1900-இல் அறுகோணம் கண்டது, மேற்பரப்பு திறந்திருந்த மெல்லிய திரவப் படலத்தில். அங்கே வேலை செய்தது பரப்பு இழுவிசை என்று 1958-இல் பியர்சன் என்ற ஆய்வாளர் விளக்கினார். உங்கள் தட்டில் எத்தனால் இடத்துக்கு இடம் வேறு வேகத்தில் ஆவியாகி அந்த இழுவிசையைக் குலைத்துவிடுகிறது. மூடிவிட்டால் திறந்த பரப்பே இல்லை, அதனால் திரவம் உருளை உருளையாகத்தான் சுழலும்; மேலிருந்து பார்க்க அந்த உருளைகள்தான் இணைகோடுகளாகத் தெரிகின்றன. அறுகோணமே வேண்டுமென்றால் சிலிக்கான் எண்ணெய், 1.5 மி.மீ. ஆழம் போதும். காற்றாடியை நிறுத்திவிடுங்கள்.

பதில் 2:
ஊர்கிற கோடுகளைத் தப்பு என்று தூக்கி எறிந்துவிடாதீர்கள்! கலவையின் தனிக்குணமே அதுதான். வெப்பநிலை வேறுபாடே கலவையைப் பிரிக்கும். சோரே விளைவு என்பார்கள். எத்தனால் இவ்வளவு குறைவாக இருந்தால், அது குளிர்ந்த மேல்பக்கம் ஒதுங்கும், கனமான தண்ணீர் சூடான அடிப்பக்கம் சேரும். சூடு அடித்திரவத்தை மேலே தள்ளப் பார்க்கும், இந்தப் பிரிவினை அதைக் கீழேயே பிடித்துவைக்கும். சரி, ஏன் ஊர்கிறது? 3 மி.மீ. ஆழத்தைக் கடக்கச் சூட்டுக்கு ஒரு நிமிடம் போதும். எத்தனால் பரவிக் கடக்க ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். ஒன்று முந்த, மற்றது பின்தங்க, உருளைகள் அலையாக நகர்கின்றன. சாய்வா, சோரேயா என்று தெரிய ஒரு வழி: ஒவ்வொரு படிக்கும் மூன்று மணி நேரம் விட்டு, சூட்டை மெல்ல ஏற்றுங்கள். சோரே என்றால் ஊர்வது மெதுவாகி, கடைசியில் நின்றுவிடும்.

கேள்வி கேட்டவர்:
அண்ணா, நான் பத்து நிமிடத்தில் ஏற்றிக்கொண்டிருந்தேன்! நேற்று காலையிலிருந்து இரவு வரை பக்கத்திலேயே உட்கார்ந்தேன். மூன்றாம் படியில் வேகம் குறைந்தது. நான்காம் படியில் மைக்காக் கோடுகள் அப்படியே நின்றுவிட்டன. சூட்டைக் குறைத்தால் எந்த இடத்தில் மறுபடி ஊர ஆரம்பிக்கும் என்று நாளை பார்க்கிறேன்.