கலைச்சொல் தேவை: படகு நீரின் மேலேறி ஓடுவது (உப்புநீர், நன்னீர்) – அவசரம்

மொழிபெயர்ப்பாளர்:
அன்புள்ள குழுவினருக்கு,
சிறுவர் அறிவியல் இதழ் ஒன்றுக்காகப் பழைய பந்தய விசைப்படகுகள் பற்றிய கட்டுரையை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். கதாநாயகன் ‘ஸ்லோ-மோ-ஷன் 4’. 1950 ஜூனில் சியாட்டிலின் வாஷிங்டன் ஏரியில் மணிக்கு 160 மைலுக்குச் சற்று மேல் ஓடி உலக சாதனை படைத்த படகு. அது நன்னீர் ஏரி. அந்த வகைப் படகுகள் சான் டியேகோவின் மிஷன் பே போன்ற உப்புநீரில் ஓடினால் என்ன மாறும் என்பதுதான் கட்டுரையில் பாதி. நன்னீர், உவர்நீர், அடர்த்தி எல்லாம் கைவசம் இருக்கின்றன. வேகம் கூடியதும் படகு நீரைப் பிளப்பதை விட்டு மேலேறி ஓடுமே, ‘பிளேனிங்’, அதற்குத்தான் சொல் இல்லை. ‘சறுக்கோட்டம்’ என்று வைத்திருக்கிறேன். பரவாயில்லையா?

புலவர்:
தம்பி, ஆனைக்கும் அடி சறுக்கும் என்பது பழமொழி. சறுக்கினால் விழுவார்கள், சாதனை படைக்க மாட்டார்கள். மேலும் சறுக்கோட்டம் வினைத்தொகை என்றால் சறுக்கிய ஓட்டம், சறுக்கும் ஓட்டம் என்று விரியும். சறுக்குவது ஓட்டமா, படகா? ‘மிசையோட்டம்’ என்க. மிசை என்றால் மேல். மலர்மிசை ஏகினான் என்ற வள்ளுவர் வாக்கை நோக்குக. மலரும் அமிழவில்லை, ஏகியவனும் அமிழவில்லை.
நிற்க, உவர்நீர் எதற்கு? கடலைக் குறிக்க ‘முந்நீர்’ இருக்கிறதே. ஆற்றுநீர், ஊற்றுநீர், மழைநீர் என மூன்றும் சேர்ந்ததால் முந்நீர் என்பர் சிலர். நிலத்துக்கு முன்னே தோன்றியதால் முன்னீர் என்பாரும் உளர். படைத்தல், காத்தல், அழித்தல் என்னும் மூன்று நீர்மை உடையது என்பது இன்னொரு விளக்கம். எனக்கு முதலாவதே உடன்பாடு. விரிவாகப் பிறகு.

மென்பொருள்காரர்:
மிசை என்றால் உண்பது என்றும் பொருள் உண்டு, ஐயா. ‘மிச்சில் மிசைவான்’ என்று அதே வள்ளுவர்தானே வேறொரு குறளில் சொல்கிறார்? படகு எதைத் தின்கிறது என்று பிள்ளைகள் கேட்பார்கள். ‘பிளேனிங்’ என்றே எழுதிவிட்டால் என்ன?

கப்பல் பொறியாளர் (ஓய்வு):
சொல்லுக்கு முன் பொருளைப் பார்ப்போம். நின்று மிதக்கும் படகு தன் எடைக்குச் சமமான நீரை விலக்குகிறது. ஒரு கன மீட்டர் நன்னீர் 1000 கிலோ, கடல்நீர் சுமார் 1025 கிலோ. ஆகவே கடலில் படகு கொஞ்சம் குறைவாக அமிழும். வேகமெடுத்த பிறகு படகைத் தாங்குவது பெரும்பாலும் மிதப்பு அல்ல. அடிப்பலகை நீரைக் கீழே தள்ளுவதால் பிறக்கும் விசை. அதுவும் அடர்த்தியோடு கூடும் என்பதால், அதே வேகத்தில் உப்புநீரில் நனையும் பரப்பு சற்றுக் குறையும்.
ஆனால் ‘உப்புநீரில் வேகம் கூடும்’ என்று மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடாதீர்கள். குறைந்த பரப்பில் அடர்த்தி கூடிய நீர் உரசுகிறது, வரவும் செலவும் கிட்டத்தட்டச் சரியாகிவிடும். புரொப்பெல்லருக்கோ அதே சுற்றுவேகத்தில் சுழல 2.5 விழுக்காடு கூடுதல் திறன் வேண்டும். எஞ்சின் பழைய திறனையே தந்தால் சுற்று ஏறக்குறைய 0.8 விழுக்காடு இறங்கும். பந்தயத்தில் அதுவும் கணக்குத்தான், புரொப்பெல்லர் இறக்கையின் சாய்வை மாற்றிப் பார்ப்பார்கள்.
பழைய படகுக்காரர்களின் உண்மையான தலைவலி வேறு. அவற்றில் இருந்தவை அலிசன், மெர்லின் போர்விமான எஞ்சின்கள். உடல் அலுமினியக் கலவை. ஓடுகிற நீரையே உள்ளே இழுத்து, எஞ்சினைக் குளிர்வித்து, வெளியே விடுவது வழக்கமான ஏற்பாடு. ஏரியில் கவலை இல்லை. கடலில் அந்த உப்பு எஞ்சினுக்குள்ளேயே ஓடி அரிக்கும். கரைக்கு வந்ததும் நன்னீர் விட்டு அலசாவிட்டால், அந்த அரிய எஞ்சினை மறந்துவிட வேண்டியதுதான்.
சொல்லைப் பொறுத்தவரை ‘மேலோட்டம்’ போதும்.

மென்பொருள்காரர்:
‘படகு மேலோட்டமாகச் சென்றது’ என்றா? 😀

யாழ்ப்பாணத்து ஆசிரியை:
வகுப்பில் சொல்லி விளங்கப்படுத்த வேண்டியவள் நான், அதனால் ஒன்று சொல்கிறேன். ஓட்டாஞ்சில்லைக் குளத்தில் சரித்து எறிந்தால் தத்தித் தத்திப் போகும், தாழாது. அது எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். ‘தத்தோட்டம்’ என்று வைத்தால் என்ன? நன்னூலில் தவளைப் பாய்த்து இருக்கிறதே.

புலவர்:
அம்மா, தவளைப் பாய்த்து சூத்திரம் நிற்கும் நிலையைச் சொல்வது. ஒரு சூத்திரம் இடையிலுள்ளவற்றைத் தாண்டிப் போய் இன்னொன்றோடு இயைவது. இங்கே எதை எது தாண்டுகிறது? ஒழுங்காக ஓடும் படகுக்கு ஆற்றொழுக்கே பொருந்தும்.

கப்பல் பொறியாளர்:
தத்துவது தனி நோய், டீச்சர். மூக்கு ஏறி இறங்கி, ஏறி இறங்கி, நிற்காமல் ஆடும். ஓட்டுபவர் பயப்படுகிற ஆட்டம் அது. ஆங்கிலத்தில் அதற்குக் கடற்பன்றியின் பெயரை வைத்திருக்கிறார்கள். நல்ல ஓட்டத்துக்கு அந்தச் சொல்லைக் கொடுத்துவிட்டால் நோய்க்கு எங்கே போவது?

ஆசிரியை:
அப்போ அதற்கு ‘ஓங்கிலாட்டம்’. எங்கள் கடற்கரையில் டொல்பினை ஓங்கில் என்றுதான் சொல்வது.

புலவர்:
அருமை. ஓங்கி எழுவது ஓங்கில். ஏற்கிறேன்.

மொழிபெயர்ப்பாளர்:
நன்றி, ஆனால் என் கட்டுரையில் அந்த ஆட்டம் வரவே இல்லை.

மென்பொருள்காரர்:
நீர்மேல் உலக வேகச் சாதனைகள் பற்றி ஒரு சந்தேகம். டொனால்ட் கேம்பெல் 1964 டிசம்பர் 31 அன்று 276 மைல் வேகம் தொட்டது மேற்கு ஆஸ்திரேலியாவின் டம்பிள்யங் ஏரியில், அது உவர் ஏரி. 1978இல் கென் வார்பி 317 மைலைத் தாண்டியது புளோவரிங் அணையின் நன்னீரில். அப்படியானால் நன்னீர்தான் ஜெயித்ததா?

கப்பல் பொறியாளர்:
இரண்டும் ஜெட் படகுகள், நீருக்குள் புரொப்பெல்லரே கிடையாது. படகும் எஞ்சினும் வேறு வேறு. இதில் உப்பின் பங்கைப் பிரித்தெடுக்க முடியாது. ஸ்லோ-மோ-ஷன் வகையில் முன்பக்கம் இரண்டு மிதவைகள், பின்னால் பாதி மட்டும் நீரில் முங்கிய புரொப்பெல்லர், இந்த மூன்று இடமும்தான் நீரைத் தொடும். அந்தப் பின்முனையைத் தூக்கிப் பிடிப்பதே புரொப்பெல்லர்தான். அதனால் நீரின் அடர்த்தியைவிட அலைதான் பெரிய விஷயம். அகன்ற உப்புநீர் விரிகுடாவில் காற்று கிளம்பினால் 2.5 விழுக்காட்டை யார் நினைக்கப்போகிறார்கள்?

மட்டுறுத்துநர்:
வியாழன் இரவு ஆகிவிட்டது. சறுக்கோட்டம் 4, பிளேனிங் 2, மேலோட்டம், மிசையோட்டம், தத்தோட்டம் தலா 1. சறுக்கோட்டத்துக்கு ஆதரவு சொன்னவர்களில் இருவர் ‘வேறு வழி இல்லாததால்’ என்று எழுதியிருக்கிறார்கள்.

மொழிபெயர்ப்பாளர்:
சறுக்கோட்டம் என்றே போட்டு அனுப்பிவிட்டேன். முதல் இடத்தில் மட்டும் ‘நீரின் மேலேறி ஓடும் சறுக்கோட்டம்’ என்று விரித்திருக்கிறேன். எஞ்சினை அலசுவதும் கட்டுரையில் சேர்ந்துவிட்டது. ஐயாவுக்கு நன்றி.

ஆசிரியை:
இதழில் எப்படி வந்தாலும் வகுப்பில் நான் தத்தோட்டம் என்றுதான் சொல்லுவேன்.

புலவர்:
நாலு பேர் சறுக்கியதற்காக நானும் சறுக்க முடியாது. மிசையோட்டம் என் நிலைப்பாடாகப் பதிவாகட்டும். முந்நீர் பற்றி யாருமே மறுமொழி எழுதவில்லை. தனி இழை தொடங்குகிறேன்.