பழைய கிட்டில் எவ்வளவு மிஞ்ச வேண்டும்? ஓர் எஸ்.இ.5ஏ மாதிரியை முன்வைத்து

பட்டறைவாசி:

ஆறு மாதங்களாக எஸ்.இ.5ஏ என்ற பிரிட்டிஷ் போர் விமானத்தின் பழைய 1:72 (உண்மையில் 72இல் ஒரு பங்கு அளவு) கிட்டோடு, அதாவது ஒட்டிச் சேர்க்கும் பிளாஸ்டிக் மாதிரியின் உறுப்புத் தொகுப்போடு, உட்கார்ந்திருக்கிறேன். 1950களில் வெட்டப்பட்ட அச்சில் வார்த்தது. பெட்டி கிழிந்து, டெக்கால் (மாதிரியில் ஒட்டும் அடையாளப் படம்) மஞ்சளித்து, சக்கரம் ஒன்று காணாமற்போன நிலையில்தான் என் கைக்கு வந்தது. முதல் உலகப் போரில் அந்த விமானத்தை ஓட்டிய கல்கத்தாக்காரர் இந்திர லால் ராய், 1918 ஜூலையில் இரண்டு வாரங்களுக்குள் பத்து எதிரி விமானங்களை வீழ்த்தியவராகக் கணக்கில் இருக்கிறார். அதே மாதம் 22ஆம் தேதி, 19 வயதில், வானிலேயே உயிர்விட்டார். அவர் பறந்த 40ஆம் ஸ்குவாட்ரனின் (படையணியின்) எஸ்.இ.5ஏ ஒன்று என் அலமாரியில் நிற்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை.

இன்றைய நிலையில் கிட்டிலிருந்து மிஞ்சியவை உடற்பகுதியின் இரு பாதிகளும் வால் துடுப்பும் மட்டுமே. இறக்கைகள், அவற்றைத் தாங்கும் ஸ்ட்ரட்டுகள் (தாங்குகால்கள்), விமானி அறை, லூயிஸ் இயந்திரத் துப்பாக்கி தாங்கும் வளைதண்டு, சக்கரக் கால்கள் எல்லாம் பிளாஸ்டிக் கார்டிலும் (மெல்லிய பிளாஸ்டிக் தகட்டிலும்) பித்தளைக் கம்பியிலும் ஊசி போடும் சிரிஞ்சின் குழாயிலும் நானே செய்தவை. படங்களைப் பார்த்த நண்பர் ஒருவர், "இதில் கிட் எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். பழைய கிட்டுக்குச் செய்யக்கூடிய நியாயமான மரியாதை இதுதான் என்று நான் கருதுகிறேன். உருவத்தின் அடிப்படையை அதிலிருந்து வாங்கிக்கொண்டு, அந்தக் காலத்து அச்சுக்கு எட்டாத நுணுக்கங்களை நம் கையால் சேர்ப்பதில் என்ன தவறு? மாற்றுக் கருத்துள்ளவர்கள் எழுதுங்கள்.

கோவை லேத்:

தம்பி, உங்கள் இறக்கைகளைப் பார்த்து மகிழ்ந்தேன். ஆனால் உங்கள் வாதத்தை ஏற்க முடியவில்லை. காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

கிட்டிலிருந்து எடுத்த ஒரே ஓர் உறுப்பை ஆதாரமாக வைத்துக்கொண்டு மற்ற அனைத்தையும் அதற்குப் பொருந்துமாறு செய்யும்போது, அந்த உறுப்பில் உள்ள பிழை எல்லா உறுப்புகளிலும் போய் உட்கார்ந்துகொள்ளும். உடற்பகுதி அரை மில்லிமீட்டர் அகலமாக இருந்தால், அதன் மேல் நிற்கும் குட்டை ஸ்ட்ரட்டுகளின் சாய்வு மாறும். சாய்வு மாறினால் மேலிறக்கையின் உயரம் மாறும். உயரம் மாறினால் வெளி ஸ்ட்ரட்டுகளின் நீளமும் கம்பிகளின் கோணமும் மாறும். நாற்பது ஆண்டுகள் லேத்தில் நின்றவன் என்பதால் சொல்கிறேன், முதல் பிடிமானமே தவறாக இருந்தால் அடுத்து எடுக்கும் ஒவ்வொரு அளவும் அந்தத் தவறுக்குத்தான் துல்லியமாக இருக்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். எஸ்.இ.5ஏயின் உடற்பகுதி மரச்சட்டங்களால் ஆன நீண்ட பெட்டி. பக்கச் சுவர்கள் தட்டையானவை. முதுகுப்புறமும் எஞ்சின் மூடியும்தான் வளைவானவை. அதாவது, பிளாஸ்டிக் கார்டில் வெட்டுவதற்கு மிக எளிதான பகுதியைத்தான் நீங்கள் கிட்டிடமிருந்து கடன் வாங்கியிருக்கிறீர்கள். கடினமான இறக்கைகளை நீங்களே செய்துவிட்டீர்கள். அந்த இறக்கைகளைச் செய்த கைக்கு இந்தத் தட்டைச் சுவர்கள் எம்மாத்திரம்? இங்கிலாந்தின் ஓல்டு வார்டனில் ஷட்டில்வொர்த் சேகரிப்பின் எஃப்904 எண்ணுள்ள எஸ்.இ.5ஏ இன்றும் பறக்கும் நிலையில் இருக்கிறது. கான்பெராவிலுள்ள ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் இன்னொன்று நிற்கிறது. படங்களுக்கும் வரைபடங்களுக்கும் பஞ்சமில்லாத ஒரு விமானத்துக்கு, அறுபது எழுபது ஆண்டுகளுக்கு முந்தைய ஓர் அச்சை ஏன் சாட்சிக்கு அழைக்க வேண்டும்?

பெட்டிக்காவலர்:

நீங்கள் இருவரும் எதை வெட்டுவது என்று பேசுகிறீர்கள். வெட்டவே கூடாது என்பது என் நிலை. இந்தக் கிட்டுகள் வெறும் மூலப்பொருள் அல்ல. கணினி இல்லாத காலத்தில், கிடைத்த சில படங்களை வைத்துக்கொண்டு எஃகில் கையால் செதுக்கிய ஒரு தொழிலாளியின் பார்வை அவற்றில் பதிந்திருக்கிறது. இறக்கைத் துணி, அதைத் தாங்கும் குறுக்குச் சட்டங்களான விலாக்களுக்கிடையே பள்ளமாகத் தொய்வது போலக் காட்டியிருப்பது தவறுதான். ஆனால் அந்தத் தலைமுறைக்கு ஈரடுக்கு விமானம் எப்படித் தோன்றியது என்பதை அந்தத் தவறு காட்டுகிறது. அதைத் தேய்த்து மட்டமாக்கும்போது அந்தச் சாட்சியம் தூசாகப் போய்விடுகிறது. துல்லியம்தான் வேண்டும் என்றால் 1:72இல் ரோடன் நிறுவனமும் 1:48இல் எடுவர்டு நிறுவனமும் எஸ்.இ.5ஏ தந்திருக்கின்றனவே, அவற்றை வாங்கிக் கட்டலாம். பழையதைப் பழையதாகவே கட்டி, தூரிகையால் வண்ணம் பூசி நிறுத்துங்கள் என்பதே என் வேண்டுகோள்.

பட்டறைவாசி:

பெட்டிக்காவலர் அவர்களுக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். முத்திரை உடையாத, முழுமையான பெட்டி என்றால் நானும் கத்தியை எடுத்திருக்க மாட்டேன். உறுப்பு குறைந்து, வளைந்து, யாரோ பாதி ஒட்டி விட்டுவிட்ட ஒன்றை அப்படியே பாதுகாப்பது எனக்குப் பொருளுள்ளதாகப் படவில்லை. புதிய கிட் எப்போதும் கிடைக்கும் என்ற நம்பிக்கையும் உறுதியானதல்ல. 1:32இல் முதல் உலகப் போர் விமானங்களை அவ்வளவு நேர்த்தியாகத் தந்த விங்நட் விங்ஸ் நிறுவனம் 2009இல் கடை திறந்து 2020இல் மூடிவிட்டது. அதன் கிட்டுகள் இப்போது கைமாறும் விலையை நீங்களும் அறிவீர்கள். கையில் கிடைத்ததைக் கொண்டு செய்யத் தெரிந்தவனுக்கு அந்தக் கவலை இல்லை.

லேத் ஐயாவுக்கு: அளந்துதான் இறங்கினேன். உண்மை விமானத்தின் நீளம் 6.38 மீட்டர், இறக்கை விரிவு 8.11 மீட்டர், 72ஆல் வகுத்தால் 88.6, 112.6 மில்லிமீட்டர். உடற்பகுதி நீளத்தில் அரை மில்லிமீட்டருக்குள் ஒத்துவந்தது, அகலத்திலும் குறை காணவில்லை. இறக்கைகள்தான் தேறவில்லை. பின்விளிம்பு 0.8 மில்லிமீட்டர் தடிமன்; அதை 72ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 58 மில்லிமீட்டர். பலகை போன்ற விளிம்போடு ஒரு போர் விமானம் பறந்திருக்குமா? அதனால்தான் இறக்கையைப் புதிதாகச் செய்தேன்.

செய்த விதத்தையும் எழுதுகிறேன், பிழை இருந்தால் திருத்துங்கள். கால் மில்லிமீட்டர் கார்டை வெட்டி, அதன் உட்புறத்தில் ஒவ்வொரு விலாவுக்கும் மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் அளவுகோலை ஒட்டி ஒரே அழுத்தத்தில் ஒரு கோடு இழுத்தேன். மேற்புறத்தில் அது மெல்லிய புடைப்பாக எழும். பிறகு கார்டை ஒரு கண்ணாடிக் குடுவையின் மேல் துணிப்பட்டையால் கட்டி, அடுப்பிலிருந்து இறக்கிய வெந்நீரில் அமிழ்த்தி, அப்படியே குளிர்ந்த நீருக்கு மாற்றினேன். வளைவு நிலைத்துவிட்டது. கொதித்துக்கொண்டிருக்கும் நீரில் போட்டபோது முதல் இரண்டு கார்டுகள் அப்பளமாகச் சுருண்டன. கீழ்ப்புறத்துக்கு இன்னொரு கார்டு, நடுவே ஒரு மெல்லிய தண்டு, பின்விளிம்பில் இரண்டும் சேருமிடத்தைக் கண்ணாடி மேல் விரித்த உப்புத்தாளில் தேய்த்துக் கத்தி முனையாக்கினேன். விலாப் புடைப்புகளை வண்ணம் பூசிய பிறகு விரலால்தான் உணர முடிகிறது, கண்ணுக்குப் பளிச்சென்று தெரிவதில்லை. உண்மையில் இழுத்துத் தைத்து, மேலே பட்டை ஒட்டி, டோப் (துணியை இறுக்கும் பூச்சு) பூசிய துணி அப்படித்தான் இருந்திருக்கும். 0.2 மில்லிமீட்டர் மேடு வைத்தால்கூட அது நிஜத்தில் 14 மில்லிமீட்டர் மேடாகிவிடும்.

உடற்பகுதியின் தட்டைச் சுவர்களை வெட்டுவது எளிது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த முதுகு வளைவையும், வி வடிவ எஞ்சினின் இரு பக்கப் புடைப்புகளையும் இருபுறமும் ஒன்றுபோல் கொண்டுவருவது எளிதல்ல. கிட் எனக்குத் தந்தது அந்தச் சமச்சீர்.

கோவை லேத்:

வெந்நீர் முறையில் பிழை ஏதும் இல்லை. விலாவை அடக்கி வாசித்ததற்காக உங்களைப் பாராட்ட வேண்டும். ஆனால் நேற்று நீங்கள் இட்ட நெருக்கப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது இரண்டு இடங்களில் மனம் துணுக்குற்றது.

முதலாவது, கம்பிகள். இறக்கைகளுக்கிடையே ஓடும் ஒவ்வொரு கம்பியின் அடியிலும் டர்ன்பக்கிள் (கம்பியை இறுக்கும் திருகு இணைப்பு) வைத்திருக்கிறீர்கள். ஜெர்மானிய விமானம் என்றால் அது சரி. அவர்கள் முறுக்குக் கம்பிவடத்தையும் டர்ன்பக்கிளையும் பயன்படுத்தினார்கள். எஸ்.இ.5ஏயை வடிவமைத்த ஃபார்ன்பரோவின் ராயல் ஏர்கிராஃப்ட் ஃபேக்டரிதான், காற்றைக் கிழித்துச் செல்லும் தட்டையான எஃகுக் கம்பியை உருவாக்கியது. அதை ராஃப் வயர் என்றே அழைத்தார்கள். அதன் இரு முனைகளிலும் மரை வெட்டியிருக்கும். கவைபோன்ற பிடியில் திருகி, நட்டால் பூட்டுவார்கள். விறைப்பைக் கூட்ட வேண்டுமானால் கம்பியையே திருகுவார்கள், நடுவே டர்ன்பக்கிளுக்கு வேலையே இல்லை. சுக்கானையும் ஐலரானையும் (விமானத்தைச் சாய்க்கும் இறக்கை மடலையும்) இயக்கும் வடங்களில் மட்டும்தான் அதற்கு இடம் உண்டு. பிறரின் நல்ல மாதிரிகளைப் பார்த்துச் செய்யும்போது, ஜெர்மானிய விமானத்துக்கு உரியது பிரிட்டிஷ் விமானத்தில் ஏறிவிடுகிறது.

இரண்டாவதுதான் நம் வாதத்தின் மையம். எஸ்.இ.5ஏயில் பல்சக்கரம் பொருத்திய ஹிஸ்பானோ-சூய்சா எஞ்சினும் இருந்தது, பல்சக்கரம் இல்லாமல் நேரடியாகச் சுழலும் உல்ஸ்லி வைப்பரும் இருந்தது. பல்சக்கரம் இருந்தால் சுழலியின் (புரொப்பெல்லரின்) மையம் மூக்கில் மேலேறி நிற்கும்; வைப்பரில் கீழே இறங்கி நிற்கும். உங்கள் விவரப் பலகையில் வைப்பர் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் சுழலி உங்கள் மூக்கில் எங்கே நிற்கிறது? கிட் துளையிட்டுக் கொடுத்த இடத்தில், மேலே. அதாவது, உங்கள் விமானத்தின் எஞ்சின் எது என்பதை நீங்கள் தீர்மானிக்கவில்லை, அச்சு தீர்மானித்துவிட்டது. நீளத்தையும் அகலத்தையும் அளந்தீர்கள். அந்தத் துளையை அளக்கத் தோன்றவில்லை, ஏனென்றால் கிட் கொடுத்ததை நாம் அளப்பதில்லை, நம்புகிறோம்.

பெட்டிக்காவலர்:

லேத் ஐயா சொல்வது என் கட்சிக்கும் வலு சேர்க்கிறது. அச்சின் பிழையோடு அதை அச்சின் காலத்துப் பொருளாக நிறுத்தியிருந்தால் இந்தக் குழப்பமே எழாது. பாதியில் திருத்தினால் இரண்டுக்கும் உண்மையாக இருக்க முடியாது.

பட்டறைவாசி:

இரவு முழுவதும் படங்களை எடுத்து வைத்துப் பார்த்தேன். கம்பி விஷயத்தில் நான் செய்தது முழுத் தவறு. பதினாறு டர்ன்பக்கிள்களை ஒவ்வொன்றாக உருட்டி ஒட்டியது ஒரு வார வேலை, அத்தனையும் கழற்றுகிறேன். இதுவரை ஸ்ப்ரூவை (கிட்டின் உறுப்புகள் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் சட்டத்தை) மெழுகுவத்திச் சுடரில் இளக்கி இழுத்த இழையைத்தான் கட்டினேன். ஒட்டிய பின் ஊதுபத்தியின் தணலைப் பக்கத்தில் கொண்டுபோனால் இழை தானாக விறைத்துக்கொள்வதால் எனக்கு அது பிடித்த முறை. ஆனால் அது உருண்டைதான் ஆகும். தட்டையான கம்பிக்கு, பழுதான இயர்போன் வயரிலிருந்து உருவிய செம்பிழையைக் கண்ணாடி மேல் வைத்து எஃகு உருளையால் நசுக்கிப் பார்க்கப்போகிறேன். முடி இழை அளவு மெல்லியதாக இருந்தால் போதும், 0.08 மில்லிமீட்டர் என்பது நிஜத்தில் ஏறத்தாழ 6 மில்லிமீட்டர்.

மூக்கு விஷயத்திலும் நீங்கள் சொன்னதே சரி. ராயின் விமானத்தில் இருந்தது எந்த எஞ்சின் என்பதை முன்பே முடிவுசெய்து, அதற்கேற்ற மூக்கைத் தேடியிருக்க வேண்டும். நான் மூக்கை முதலில் ஒட்டிவிட்டு, எஞ்சினின் பெயரைப் பிறகு எழுதினேன். எஞ்சினுக்கும் விமானிக்கும் நடுவே உள்ள தடுப்புச் சுவருக்கு முன்னால் வெட்டிவிட்டு, மூக்கைப் புதிதாகச் செய்வேன்.

ஆனாலும் பின்பாதியை எறியமாட்டேன். அதன் ஒவ்வோர் அளவையும் வரைபடத்தோடு வைத்து இப்போது மறுபடி பார்த்துவிட்டேன், நிற்கிறது. பிழையுள்ளதை வெட்டுவதற்குத் தயங்காதவரை, சரியாக இருப்பதை வைத்துக்கொள்வதில் எந்தக் குற்றமும் இல்லை. பெட்டிக்காவலர் அவர்களே, அந்த முதுகு வளைவைச் செதுக்கியவர் அதைச் சரியாகவே செதுக்கியிருக்கிறார். அவருடைய வேலையில் நன்றாக வந்த பகுதி என் மாதிரியில் இருக்கும்.

கோவை லேத்:

என் கருத்து மாறவில்லை. அடுத்த விமானத்தையாவது வரைபடத்திலிருந்து தொடங்குங்கள் என்றுதான் சொல்வேன். இருந்தாலும் மூக்கை வெட்டப்போவதாக எழுதியதால் என் அனுபவத்தைச் சொல்லிவிடுகிறேன்.

வெட்டுவதற்கு முன், உள்ளே ஒரு தடித்த கார்டைக் குறுக்குச் சுவராக ஒட்டி ஒரு முழு நாள் காயவிடுங்கள். இல்லையென்றால், ரம்பம் பாதி இறங்கும்போதே பக்கச் சுவர்கள் உள்ளே சாய்ந்துவிடும். மூக்கின் வடிவத்தை நன்கு உலர்ந்த தேக்குத் துண்டில் கார்டின் தடிமன் அளவுக்குச் சிறியதாகச் செதுக்கி, மெழுகு தேய்த்து மழமழப்பாக்குங்கள். பிறகு ஒட்டுப்பலகையில் அதே வடிவத்தில் சற்றுப் பெரிய துளை வெட்டி, அதன் மேல் ஒரு மில்லிமீட்டர் கார்டை ஆணியடித்து, அடுப்பின் சூட்டில் காட்டுங்கள். கார்டு முதலில் நெளிந்து, பிறகு இறுகி, மறுபடி இலேசாகத் தொய்யும்; அந்த இரண்டாவது தொய்வில்தான் மரத்தை ஒரே அழுத்தாக உள்ளே செலுத்த வேண்டும். முதல் நெளிவில் அழுத்தினால் ஓரத்தில் வெளுத்துக் கிழியும். சுழலியின் துளையைக் கடைசியில் போடுங்கள், வரைபடத்திலிருந்து அளந்து.