வேலையிடத்து வாய்க்கதை: நிப்பாட்டுறதோ, விடுறதோ?

தென்மராட்சியான்:
ஊழியர்மாரின்ர தனி வாட்ஸ்அப் குழுவை முகாமையாளர் மூடச்சொல்லுறது சரிதான். "மேலதிக நேரத்துக்கு முற்கூட்டியே கையொப்பம் வேணும்" எண்டு சுற்றுநிருபம் வரும். பத்து மணித் தேத்தண்ணிக்கு அது "கேக்காமல் நிண்டால் காசில்லை". மத்தியானம் "அடுத்த மாசம் ஓ.ரி.யே இல்லையாம்". பின்னேரம் ஒருத்தரும் நிக்கமாட்டினம், லொறி ஏத்தாமல் கிடக்கும்.

கந்தோர்க்காரி:
அண்ணை, மூடினால் இன்னொண்டு திறப்பினம், அதில உங்களைச் சேர்க்கமாட்டினம். வதந்தியை ஆராய்ஞ்ச உளவியலாளர்மார் ஓல்போட்டும் போஸ்ற்மனும் 1947இலயே சொல்லிட்டினம்: விசயத்தின்ர முக்கியத்தைத் தெளிவில்லாமையால பெருக்கிறதுதான் வதந்தி. கூட்டலில்லை, பெருக்கல். ஒண்டு பூச்சியமெண்டால் விடையும் பூச்சியம். சம்பளக் கதையின்ர முக்கியத்தைக் குறைக்கேலாது, தெளிவைக் கூட்டலாம். எந்த நாளில இருந்து, ஆரிட்டக் கையொப்பம், அவர் லீவெண்டால் ஆர்? உங்கட சுற்றுநிருபத்தில இது மூண்டும் இல்லையே.

நடுவில நிக்கிறன்:
வேலையிட வாய்க்கதையை ஆராய்ஞ்ச கீத் டேவிஸ் 1953இல கண்டது இன்னும் உதவும்: கேட்ட எல்லாரும் கடத்துறேல்லை. கொஞ்சப்பேர்தான் கடத்துவினம், மற்றவை கேட்டிட்டுப் பேசாமல் இருப்பினம். அந்தக் கொஞ்சப்பேர் அநேகமா களஞ்சியப் பொறுப்பாளர், சாரதி, கணக்குப் பகுதி கிளாக் மாதிரி நாலு பகுதிக்கும் போய்வாற ஆக்கள். அறிவித்தல் பலகையில ஒட்டுற அண்டே அவையிட்ட விளங்கப்படுத்துங்கோ. பின்னேரம் "வெளியில என்ன கதைக்கினம்?" எண்டு கேளுங்கோ, பதிலை அண்டைக்கே எழுதி ஒட்டுங்கோ. ஆனால் ஒட்டமுதல் ரகசியமாச் சொல்லக்கூடாது. "முகாமையாளற்ர ஆள்" எண்டு பேர் வந்தால் பிறகு அவையிட்ட ஒருத்தரும் வாய்திறக்கமாட்டினம்.

கந்தோர்க்காரி:
ஓம், ஆனால் இலக்கத்தை மட்டும் வாயால விடாதேங்கோ. ஊழியர் சேமலாப நிதிக்கு (ஈ.பி.எஃப்.) எங்கட சம்பளத்தில 8 வீதம் கழிப்பினம், 12 வீதம் முதலாளி மேலால போடுவார். நாலு வாய் மாறினால் "20 வீதம் வெட்டுறாங்கள்" எண்டு வந்து நிக்கும். 50,000 ரூபாய்க்கு 4,000 கழிவு, 6,000 முதலாளியின்ர எண்டு ஒரு மாதிரிச் சம்பளச் சீட்டை ஒட்டினால் காணும்.

தென்மராட்சியான்:
சரி, சம்பளக் கதைக்கு ஒத்துக்கொள்ளுறன். ஆளைப் பற்றின கதைக்கு என்ன ஒட்டுவியள்? ஒருத்தற்ர மெடிக்கல் சேட்டிபிக்கற்றைப் படமெடுத்துக் குழுவில போட்டால்?

கந்தோர்க்காரி:
அது வாய்க்கதையில்லை அண்ணை, கோவையில (ஃபைலில) இருந்து வெளியில போனது. கோவை ஆற்றை பொறுப்பில இருந்தது, திறப்பு ஆரிட்ட எண்டு விசாரிக்கிறதை விட்டிட்டு, குழுவில இருக்கிற முப்பது பேரின்ர வாயை ஏன் கட்டுறியள்?