நாவலின் முதல் வரைவு முடிந்தது, நானே பதிப்பிக்கிறேன்: அச்சுக்குப் போகும் முன் என்னென்ன வேலை?

கருக்கல்:

அனைவருக்கும் வணக்கம். 52,000 சொற்களில் ஒரு நாவலின் முதல் வரைவு கையில் இருக்கிறது. களம் 1990களின் கோவில்பட்டிப் பக்கம், தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்குப் போகும் ஒரு குடும்பம். பதிப்பகத்துக்கு அனுப்பவில்லை, நானே கொண்டுவருவதாக முடிவு. காலை 5 முதல் 6 வரைதான் எனக்கென்று நேரம். படிப்பதும் எழுதுவதும் அதற்குள்தான்.

திருத்தும் மாதங்களில் மற்ற நாவல்களைப் படிக்கலாமா, நிறுத்திவிட வேண்டுமா? எடிட்டர் இல்லாதவர் எந்த வரிசையில் திருத்துவது? பாதி போனில் தட்டியது, பாதி லேப்டாப்பில், முதல் ஐந்து அத்தியாயங்கள் பழைய பாமினி எழுத்துருவில். அச்சுக்கு எந்த அளவு, எத்தனை பிரதி? அனுபவமுள்ளவர்கள் விவரமாகச் சொன்னால் நல்லது.

திண்ணைவாசகி:

வாழ்த்துகள். முதலில் ஆறு வாரம் அந்தக் கோப்பைத் திறக்காதீர்கள். எழுதிய சூட்டில் வாசித்தால் பக்கத்தில் இருப்பது கண்ணுக்குத் தெரியாது, மனசில் இருப்பதுதான் தெரியும்.

படிப்பதை நிறுத்தவே வேண்டாம். எதைப் படிக்கிறோம் என்பதில் மட்டும் கவனம் வேண்டும். திருத்தும் காலத்தில் கரிசல் நாவல்களைத் தள்ளி வையுங்கள். படிக்கிற நடை மூன்றே நாளில் கையில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியது தெரியாமல் ஏழாம் அத்தியாயம் ஒரு குரலிலும் எட்டாம் அத்தியாயம் வேறொரு குரலிலும் வந்து நிற்கும். சங்கப் பாட்டு, கடித இலக்கியம், பயணநூல், பழைய ஊர் வரலாறு என்று உங்கள் களத்துக்குச் சம்பந்தமில்லாததைப் படியுங்கள். தினம் இரண்டு பக்கமாவது வாய்விட்டு. சொல் சந்தேகத்துக்கு கி. ராஜநாராயணன் தொகுத்த கரிசல் வட்டார அகராதி, பொதுத்தமிழுக்கு க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி. இரண்டும் மேசையிலேயே இருக்கட்டும்.

ஆறு வாரம் முடிந்ததும் வரியைத் தொடாதீர்கள். முதலில் ஒரு கால அட்டவணை. அத்தியாயத்துக்கு ஒரு வரி: ஆண்டு, தமிழ் மாதம், பிறையா பௌர்ணமியா, ஒவ்வொருவருக்கும் வயது, அந்த நாளில் வீட்டில் யார் யார், கையில் எவ்வளவு காசு. தீபாவளி ராத்திரி நிலா வெளிச்சத்தில் இருவர் பேசுவதாக எழுதியிருந்தால் இங்கே மாட்டும். தீபாவளி அமாவாசையை ஒட்டி வருவது, அன்றைக்கு ஏது நிலா? கார்த்திகை தீபம் என்றால் பௌர்ணமி, அதைத் தாராளமாக வைக்கலாம். உங்கள் களத்துக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. தீக்குச்சி மருந்து முக்கினால் காய வேண்டும். வானம் பார்த்த அந்தப் பூமியின் காய்ச்சல்தான் தொழிலை அங்கே நிறுத்தியது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வேலை முழு வேகத்தில் நடப்பதாகக் காட்சி இருந்தால், அந்த ஊர் வாசகர் அந்த வரியிலேயே நின்றுவிடுவார். மழை மாதத்தில் கூலி எப்படிக் குறைந்தது, கடன் எங்கே வாங்கினார்கள் என்று யோசித்துப் பாருங்கள். கதைக்கே அங்கே ஒரு வாசல் திறக்கும்.

அந்த ஒரு மணி நேரத்தை இப்படிப் பிரித்தால் ஓடும்: 15 நிமிடம் வாசிப்பு, 40 நிமிடம் திருத்தம், கடைசி 5 நிமிடம் நாளை எங்கே தொடங்குவது என்று ஒரு வரிக் குறிப்பு. அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் மறுநாள் முதல் 20 நிமிடம் தேடுவதிலேயே போய்விடும்.

பிறகு மூன்று பேருக்குக் கொடுங்கள், அதற்கு மேல் வேண்டாம். ஒருவராவது அந்த ஊர்க்காரராக இருக்கட்டும். "எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் "நல்லா இருக்கு" என்பதோடு முடிந்துவிடும். பென்சிலைக் கையில் கொடுத்து, எந்த இடத்தில் படிப்பதை நிறுத்திக் கீழே வைத்தீர்களோ அங்கே ஒரு கோடு மட்டும் போடச் சொல்லுங்கள். மூன்று பேரும் ஒரே பக்கத்தில் கோடு போட்டிருந்தால் கோளாறு பெரும்பாலும் அந்தப் பக்கத்தில் இருக்காது. அதற்குப் பத்துப் பக்கம் முன்னால் தேடுங்கள்.

ஒற்றெழுத்து:

மெய்ப்பு, அதாவது எழுத்துப்பிழை திருத்தும் பக்கத்தை நான் சொல்கிறேன். சொந்தப் பதிப்பு நாவல்கள் வாசகரை இழப்பது பெரும்பாலும் இங்கேதான், கதையால் அல்ல.

திருத்தத் தொடங்கும் முன்பே பாமினி அத்தியாயங்களை யுனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். திருத்திய பிறகு மாற்றினால் உழைப்பு இரட்டிப்பு. பாமினியில் ஆங்கில விசைகளின் மேல்தான் தமிழ் உருவம் உட்கார்ந்திருக்கிறது. அதனால் இடையில் ஆங்கில எழுத்தில் தட்டிய பஸ் கம்பெனிப் பெயர், மருந்துப் பெயர் எல்லாம் மாற்றியில் போட்டதும் அர்த்தமில்லாத தமிழ் எழுத்தாகிவிடும். மேற்கோள்குறி, ஸ்ரீ, க்ஷ ஆகியவற்றையும் தனியாகத் தேடிப் பாருங்கள்.

அடுத்து, கண்ணுக்குத் தெரியாத இரண்டு பிழைகள். ஒன்று, ரகரத்துக்குப் பதில் துணைக்கால். 'அவர்' என்பது 'அவா்' என்று இருக்கும். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும், ஆனால் தேடினால் கிடைக்காது, மின்னூலில் எழுத்துரு மாறியதும் பல்லிளிக்கும். துணைக்காலின் மேல் புள்ளி தமிழில் எங்குமே வராது என்பதால், அந்தச் சேர்க்கையை 'ர்' என்று ஒரே அடியாக மாற்றிவிடலாம்.

இரண்டாவதை அப்படி மாற்றவே கூடாது. 'மௌனம்' என்பதற்கு ஒற்றைக்கொம்பும் ளகரமும் போட்டு 'மெளனம்' என்று தட்டியிருப்பார்கள். எல்லா 'ெள'வையும் 'ௌ' ஆக்கு என்று கட்டளை கொடுத்தால் மௌனம் சரியாகும். கூடவே வெள்ளம், தெளிவு, வெளியே, பெட்டிக்கடையில் தொங்கும் வெள்ளரி, ஏன் கெளுத்தி மீன்கூடச் சிதைந்துவிடும். ஆகவே சொல் சொல்லாகத் தேடுங்கள்: மெளன, கெளர, பெளர், செளக், யெளவ, பெளதி. இந்த ஆறும் பெரும்பாலான இடங்களைப் பிடித்துவிடும்.

அடுத்த வேலை, ஒரு சொற்பட்டியல். பேச்சுத்தமிழுக்கு அகராதி கிடையாது, நீங்கள்தான் வைத்துக்கொள்ள வேண்டும். 'வந்துட்டான்' என்றால் கடைசிவரை வந்துட்டான், நடுவில் 'வந்திட்டான்' வரக்கூடாது. கிட்ட, கிட்டே இரண்டில் ஒன்று. கறுப்பு, கருப்பு இரண்டில் ஒன்று. 'பண்றான்' மூன்று சுழியில்தான். இரண்டு சுழி போட்டால் பன்றி உள்ளே வந்துவிடும். எல்லாப் பாத்திரங்களின் பெயரும் இதே பட்டியலில் இருக்கட்டும். சண்முகத்தாய் 14ஆம் அத்தியாயத்தில் சண்முகத்தாயி ஆவது சாதாரணமாக நடக்கும்.

சந்தியில் விதி முழுவதையும் படிக்க நேரமில்லை என்றால், நாவலில் அதிகம் விழும் இடங்களை மட்டும் பிடியுங்கள். அந்த, இந்த, எந்த, அப்படி, இப்படி ஆகியவற்றின் பின்னும், ஐ, கு உருபுகளின் பின்னும் க, ச, த, ப வந்தால் மிகும்: அந்தக் கட்டை, வீட்டைப் பூட்டி, ஊருக்குப் போனாள். பெயரெச்சத்தின் பின் மிகாது: வந்த பையன், பெரிய பெட்டி. 'பெரியப் பெட்டி' என்று பயத்தில் ஒற்றைச் சேர்ப்பவர்கள், விடுபவர்களைவிட அதிகம். வினையெச்சத்தில் காதை நம்பலாம்: கேட்டுச் சொன்னான், எழுதிப் பார்த்தான் என்பவற்றில் மிகும், வந்து பார்த்தான், செய்து கொடுத்தான் என்பவற்றில் மிகாது. உரையாடலுக்குள் இந்த விதிகளைக் கொண்டுபோய் நுழைக்காதீர்கள். பேசுகிறவர் வாயில் ஒற்று கேட்டால் போடுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

கடைசி வாசிப்பு காகிதத்தில்தான். ஏ4 தாளில், வழக்கமாகத் தட்டும் எழுத்துரு இல்லாமல் வேறொன்றில், 14 புள்ளியில் எடுத்து, வரிக்குக் கீழே அடிக்கோல் வைத்துப் படியுங்கள். மணிக்குப் புத்தக அளவில் 10 பக்கம் போதும், அதற்கு மேல் வேகம் போனால் கண் தாவும். உங்கள் நாவலுக்கு 25 மணி நேரம், அதாவது உங்கள் கணக்கில் ஏறக்குறைய ஒரு மாதக் காலைகள். பின்னட்டைக் குறிப்பையும் அத்தியாயத் தலைப்புகளையும் தனியாக ஒருமுறை பாருங்கள். எல்லோரும் சரியாகத்தான் இருக்கும் என்று தாண்டிப்போகும் இடங்கள் அவைதான்.

இனி எழுதப்போவதற்கு ஒரு யோசனை: தமிழ்99 விசைப்பலகை பழகுங்கள். ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழாக்கும் ஒலிபெயர்ப்பு முறையில் ந, ன, ண மூன்றும் விரல் நழுவலில் இடம் மாறும். தமிழ்99இல் ஒவ்வொன்றுக்கும் தனி விசை. இரட்டிக்கும் மெய்க்குப் புள்ளியும் தானாக விழும்.

பாரம்16:

அச்சு. டெமி 1/8, அதாவது 5.5 × 8.5 அங்குலம். 11 புள்ளி எழுத்து, பக்கத்துக்கு 28 வரி வைத்தால் சுமார் 210 சொல் பிடிக்கும். 52,000 சொல்லுக்கு 248 பக்கம், முன்பக்கங்கள் 8, மொத்தம் 256. ஒரு பாரம் 16 பக்கம் என்பதால் சரியாக 16 பாரம். அழகான கணக்கு, கெடுத்துக்கொள்ளாதீர்கள். 258 ஆனால் ஆஃப்செட்டில் (தகடு செய்து மொத்தமாக அச்சிடும் முறை) இரண்டு பக்கத்துக்காக இன்னொரு பாரம் பிடிக்க வேண்டியிருக்கும்.

முதல் சுற்றுக்கு 100 பிரதி, டிஜிட்டல் அச்சு. 500க்கு மேல் போகும் என்று முன்பதிவில் தெரிந்தால் மட்டும் ஆஃப்செட். தாள் 70 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 70 கிராம்) மேப்லித்தோ, நேச்சுரல் ஷேட். பளீர் வெள்ளைத் தாள் நாவலுக்குக் கண் கூசும். அட்டை 300 ஜிஎஸ்எம் ஆர்ட் போர்டு, மேட் லேமினேஷன். முதுகு 12 மில்லிமீட்டர் பக்கம் வரும். ஆனால் கணக்குப்போட்டு அட்டையை முடிக்காமல், அச்சகத்தில் அதே தாளில் 256 பக்க வெற்று டம்மி கட்டச் சொல்லி அளந்துகொள்ளுங்கள். ஒரு மில்லிமீட்டர் தவறினாலும் முதுகில் உள்ள தலைப்பு முன்னட்டைக்கு வழிந்துவிடும். உள் ஓரம் 20 மில்லிமீட்டருக்குக் குறைய வேண்டாம். பசைக்கட்டில் வரியின் தொடக்கம் மடிப்புக்குள் போய்விடும்.

இன்டிசைன் மென்பொருளில் பக்கம் கட்டினால் பத்தி அமைப்பில் வேர்ல்டு ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுத்தார்களா என்று கேளுங்கள். இல்லையென்றால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், துணையெழுத்துகள் கழன்று விழும். அட்டையை போட்டோஷாப்பில் செய்பவர்களுக்கும் இதே சிக்கல். நாவலின் பெயரே உடைந்த அட்டைகள் சந்தைக்கு வந்திருக்கின்றன.

இருபுறமும் சமன்செய்த வரியில் தமிழின் நீளச் சொற்கள் பெரிய ஓட்டைகளை விடும். சொல்லைப் பிரிக்க அனுமதியுங்கள், ஆனால் புள்ளி வைத்த மெய்யில் வரி தொடங்கக் கூடாது. 'கொண்டிருந்தா' என்று முடிந்து அடுத்த வரி 'ள்' என்று ஆரம்பித்தால் பார்க்கச் சகிக்காது.

100 பிரதிக்கு ஆர்டர் கொடுக்கும் முன் ஒரே ஒரு பிரதி அடித்து வாங்கி, நடுவில் விரித்து மேசையில் வையுங்கள். பக்கம் அலையலையாக நெளிந்தோ விறைத்து மூடிக்கொண்டோ இருந்தால் தாளின் இழை முதுகுக்குக் குறுக்கே ஓடுகிறது. அதை முதுகுக்கு இணையாக மாற்றச் சொல்லலாம்.

கருக்கல்:

எல்லோருக்கும் நன்றி. அட்டவணையை நாளைக்கே தொடங்குகிறேன். அடைமழையில் மருந்து முக்கும் காட்சி உண்மையிலேயே இருக்கிறது, மாற்ற வேண்டும். இன்னும் மூன்று சந்தேகம்: ஐஎஸ்பிஎன் (நூலின் அடையாள எண்) எப்போது வாங்குவது? விலை எப்படி வைப்பது? கதைக்குள் ரேடியோவில் சினிமாப் பாட்டு ஓடுகிறது, இரண்டு வரி போடலாமா?

கணக்குப்பிள்ளை:

பாட்டு வரிக்கு உரிமையாளரிடம் அனுமதி வேண்டும். இந்தியாவில் பாடலாசிரியர் மறைந்து 60 ஆண்டுவரை உரிமை உண்டு. படத்தின் பெயரைச் சொல்லி, பாட்டு கேட்கும்போது அந்தப் பெண் என்ன செய்கிறாள் என்று எழுதுங்கள், வரி தேவைப்படாது. பாரதி பாடல்கள் 1949இலேயே அரசுடைமை ஆனவை, பயன்படுத்தலாம். தாலாட்டு, ஒப்பாரி யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் ஒரு தொகுப்பிலிருந்து எடுத்தால் தொகுத்தவர் பெயரை முன்பக்கத்தில் சொல்வதுதான் முறை.

ஐஎஸ்பிஎன்னுக்கு ராஜா ராம்மோகன் ராய் தேசிய நிறுவனத்தின் இணையதளத்தில் எழுத்தாளராகவே விண்ணப்பிக்கலாம், கட்டணம் இல்லை. பட்டைக்குறி பின்னட்டையில் வருவதால் அட்டை வேலை தொடங்கும் முன்பே விண்ணப்பித்துவிடுங்கள். அச்சுக்கும் மின்னூலுக்கும் தனித்தனி எண். அமேசானின் மின்னூல் கடையான கிண்டிலுக்கு மட்டும் என்றால் ஐஎஸ்பிஎன் கட்டாயமில்லை. அங்கே கேடிபி செலக்ட் என்ற திட்டத்தில் சேர்ந்தால் 90 நாள் மின்வடிவம் வேறெங்கும் இருக்கக் கூடாது. முன்பே ஏதாவது தளத்தில் தொடராகப் போட்டிருந்தால் அதை எடுத்துவிட்டுச் சேருங்கள். காகிதப் பிரதிக்கு இந்தத் தடை கிடையாது.

விலைக்கு ஒரு மாதிரிக் கணக்கு. பிரதிக்கு அச்சுச் செலவு 120 ரூபாய், விலை 300 என்று வைத்துக்கொள்வோம். 100 பிரதியில் 20 இலவசமாகப் போகும். மீதி 80இல் கடை வழியாக 40, கழிவு 40 சதவீதம் போக 180 வீதம் 7,200. நேரடியாக 40, பத்து சதவீதத் தள்ளுபடி போக 270 வீதம் 10,800. வரவு 18,000, அச்சுக்கு 12,000, அட்டைக்கு 5,000 என்றால் கையில் 1,000. தபால் செலவை வாங்குபவரிடம் தனியாக வாங்காவிட்டால் இந்த ஆயிரமும் போய்விடும். கடைப்பணம் பல மாதம் கழித்துத்தான் வரும், அதை நம்பி அச்சகத்துக்குத் தேதி சொல்லாதீர்கள். நூலகக் கொள்முதலையும் வரவில் எழுத வேண்டாம், வந்தால் வரட்டும்.

ஆகவே முன்பதிவு. இது ஒன்றும் புதிய பழக்கமில்லை. உ.வே.சா. சீவக சிந்தாமணியை 1887இல் அச்சிட்டபோது முன்கூட்டியே கையொப்பம் வாங்கித்தான் செலவைச் சமாளித்தார். ஒரு பிரதி மெய்ப்பு கைக்கு வந்த பிறகே முன்பதிவை அறிவியுங்கள். அதற்கு முன் பணம் வாங்கினால், பிழை தெரிந்தாலும் தேதிக்குப் பயந்து அப்படியே அச்சுக்கு அனுப்பிவிடத் தோன்றும்.

புத்தகம் வெளிவந்து 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா உட்பட நான்கு பொது நூலகங்களுக்கு உங்கள் செலவில் ஒவ்வொரு பிரதி அனுப்ப வேண்டும், 1954ஆம் ஆண்டுச் சட்டம். அந்த 20 இலவசப் பிரதியில் இந்த நான்கையும் முதலில் தனியாக எடுத்துக் கட்டி வைத்துவிடுங்கள். வெளியீட்டு நாள் கூட்டத்தில் கடைசிப் பிரதிவரை கை மாறிவிடும்.