பாஸ்போர்ட் தொலைத்த கதை, விசாக் காசு கட்டிய கதை: ஊருக்கு வந்து போனவர்கள் எழுதுங்கள்

குளக்கட்டு

2023 வைகாசிப் பொங்கல். முல்லைத்தீவு வற்றாப்பளை அம்மன் கோயில் சனக்கூட்டம் எப்படி என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. விடிய மூன்று மணி போல இடுப்பில் கட்டியிருந்த பையைத் தடவிப் பார்த்தேன், சிப் திறந்து கிடந்தது. போன் இருக்கிறது, காசு இருக்கிறது, கனடாப் பாஸ்போர்ட் மட்டும் இல்லை.

காலையில் பொலிஸில் முறைப்பாடு. பிறகு கொழும்பில் கனடா உயர்ஸ்தானிகராலயத்துக்கு அறிவித்து, படிவம் நிரப்பி அனுப்பினேன். அதெல்லாம் சுருக்கமாக முடிந்தது. நான் எழுத வந்தது அதைப் பற்றி இல்லை.

மூன்றாம் நாள் பின்னேரம் அக்கா வீட்டுப் படலையில் ஒரு அம்மா வந்து நின்றார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். கையில் ஒரு சொப்பிங் பை. அதற்குள் பேப்பர் சுற்றி, அதற்குள் என் பாஸ்போர்ட். உள்பக்கத்தில் அக்காவின் முள்ளியவளை விலாசத்தைத் தமிழில் எழுதி வைத்திருந்தேன், அதைப் பார்த்து விசாரித்து விசாரித்து வந்திருக்கிறார். பஸ் இல்லாமல் கடைசித் துண்டை நடந்தாராம். அட்டையில் திருநீறு ஒட்டியிருந்தது. “தம்பி, இது இல்லாட்டி உங்களை அங்க விடமாட்டினமாம். அம்மாளாச்சிதான் என்ர கண்ணில காட்டினவ” என்றார். காசு கொடுத்தேன், கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். தேத்தண்ணி மட்டும் குடித்தார்.

தொலைந்தது என்று ஒருமுறை அறிவித்துவிட்டால் அந்தப் பாஸ்போர்ட் செத்துவிடும். பிறகு கிடைத்தாலும் உயிர் வராது. அதன் இலக்கம் இண்டர்போல் பட்டியல் வரைக்கும் போய்விடும், அதைக் காட்டி விமானம் ஏறப் போனால் நான்தான் மாட்டுவேன். அந்த அம்மாவின் கையில் இருந்தது வெறும் புத்தகம். “பெரிய உதவி அம்மா” என்று மட்டும் சொன்னேன். இப்போதும் அந்தப் படலைச் சத்தம் காதில் கேட்கிறது.

நெடுங்கேணி மருமகள்

எங்களுடையது தொலைந்த கதை இல்லை, ஏமாந்த கதை. 2024 தைப்பொங்கலுக்கு லண்டனிலிருந்து நான், அவர், மகன், மாமா என்று நாலு பேர் வந்தோம். ஈடிஏ, அதாவது வர முன்னமே இணையத்தில் எடுக்கிற பயண அனுமதி, எடுக்க வேண்டும் என்று தெரியும். போனில் தேடினேன், முதலில் வந்த தளத்தில் இலங்கைக் கொடி, யானை, தாமரை எல்லாம் இருந்தது. ஆளுக்கு 95 டொலர் கட்டினேன்.

அனுமதி என்னவோ உண்மையாகவே வந்தது. பிறகுதான் அவருடைய தம்பி சொன்னார், அது இடையில் நின்று காசு அடிக்கிற தளம் என்று. அரசின் தளத்தில் அப்போது 50 டொலர். ஒன்றும் எடுக்காமல் கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கிக் கட்டினாலே 60 தான். பன்னிரண்டு வயதுக்குக் கீழே கட்டணமே இல்லை. மகனுக்கு ஒன்பது வயது! அவனுக்கும் 95 கட்டியிருக்கிறேன்.

ஆனால் மனதில் நிற்பது அந்தக் காசு இல்லை. குடிவரவு வரிசையில் எங்களுக்கு முன்னால் சென்னையிலிருந்து வந்த ஒரு குடும்பம். அந்த மாதங்களில் இந்தியாக்காரருக்கு விசாக் கட்டணம் இலவசம். அவர்கள் அதைப் பற்றிச் சந்தோஷமாகக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். மாமா கேட்டுக்கொண்டு நின்றார். நெடுங்கேணியில் பிறந்து, அங்கேயே பதினெட்டு வருடம் வாத்தியார் வேலை பார்த்தவர். என் பக்கம் திரும்பி, “பிள்ளை, எனக்கு எவ்வளவு கட்டினீங்கள்?” என்று கேட்டார். ஐம்பது என்று பொய் சொன்னேன்.

ஏ9 பழசு

மேலே எழுதிய தங்கச்சி கோபிக்கக் கூடாது. பிரித்தானியப் பாஸ்போர்ட்டை விரும்பி எடுத்தால் பிரித்தானியருக்குரிய கட்டணம்தான். இரட்டைக் குடியுரிமை எடுத்திருந்தால் மாமாவுக்கு விசாவே தேவைப்பட்டிராது. 50 டொலருக்கு இவ்வளவு கண்ணீரா? 2024 சித்திரையில் விசா வேலையை வெளி நிறுவனங்களிடம் கொடுத்து நூறு டொலருக்கு மேலே போனதே, அப்போது வந்தவர்கள் அல்லவா அழ வேண்டும். ஆவணியில் உச்ச நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை போட்ட பிறகுதான் பழைய முறை திரும்பியது.

விசா இருந்தும் ஊருக்குள் போக முடியாத காலம் ஒன்று இருந்தது, அதை மறந்துவிட்டீர்கள். போர்க்காலத்தைச் சொல்லவில்லை. 2014 ஐப்பசி. வெளிநாட்டுப் பாஸ்போர்ட்காரர் வடக்குக்குப் போகப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி வேண்டும் என்று திடீரென்று மறுபடி கொண்டுவந்தார்கள். என் தங்கச்சி டென்மார்க்கிலிருந்து பெரியம்மாவின் செத்தவீட்டுக்கு வந்தவள். விசா சரி, காசு கட்டியது சரி. ஓமந்தைச் சோதனைச்சாவடியில் அவள் வந்த வான் வண்டியை மறித்து, எல்லாருடைய அடையாள அட்டையையும் பார்த்து, இவளை மட்டும் இறக்கினார்கள். கடிதம் எங்கே? கடிதம் இல்லை. எடுக்க நாலைந்து நாள் ஆகும் என்றார்கள். உடம்பை அவ்வளவு நாள் வைத்திருக்க முடியுமா?

வவுனியாவில் தெரிந்தவர் வீட்டு விறாந்தையில் இருந்துகொண்டு போனில் பறைச் சத்தத்தைக் கேட்டாள். கிளிநொச்சியில் நான்தான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாய்க்கரிசி போடுகிற நேரம் போனைப் பெரியம்மாவின் காதடியில் வைக்கச் சொன்னாள். வைத்தேன். என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை, நான் கேட்கவும் இல்லை.

2015 தையில் ஆட்சி மாறியதும் அந்தக் கட்டுப்பாட்டை எடுத்தார்கள். மூன்று மாதம் போலத்தான் இருந்தது. எங்களுடைய செத்தவீடு அந்த மூன்று மாதத்துக்குள் வந்தது.

நெடுங்கேணி மருமகள்

அண்ணை, உங்கள் தங்கச்சியின் கதைக்கு மனம் கனக்கிறது. ஆனால் மாமா அழுதார் என்று நான் எழுதவில்லை. திரும்ப வாசியுங்கள்.

கொப்பி எடுத்தாச்சா

என்னுடைய அனுபவம் சின்னது: மாங்குளத்தில் பஸ்ஸில் பையை விட்டேன், அடுத்த தரிப்பில் எடுத்தேன். அவ்வளவுதான். ஆனால் மேலே வாசித்த பிறகு சில விசயம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

திருவிழாவுக்கு ஏன் ஐயா பாஸ்போர்ட்டைக் கொண்டு போகிறீர்கள்? படப் பக்கத்தையும் வந்திறங்கிய முத்திரைப் பக்கத்தையும் கொப்பி எடுத்து அதைக் கொண்டு போங்கள். உங்களுக்கே ஒரு ஈமெயிலில் படமாக அனுப்பியும் வையுங்கள். தொலைந்த பிறகு இலக்கம் தெரியாமல் நிற்கிறவர்கள்தான் அதிகம்.

தொலைந்துவிட்டதா? முதலில் ஒரு நாள் முழுக்கத் தேடுங்கள். அறிவித்தால் திரும்பி வர வழி இல்லை என்று குளக்கட்டு சரியாகச் சொன்னார். அப்புறம் பொலிஸ் என்ட்ரி. எங்கள் பக்கத்தில் அது தமிழிலோ சிங்களத்திலோதான் கிடைக்கும். தூதரகத்துக்கு ஆங்கிலத்தில் தேவைப்பட்டால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் போக வேண்டும். கச்சேரி (மாவட்டச் செயலகம்) பக்கம் விசாரித்தால் ஆள் காட்டுவார்கள். சனி ஞாயிறு, போயா (பௌர்ணமி விடுமுறை) எல்லாம் கணக்கில் வையுங்கள், பயணத்துக்கு முதல் நாள் வரைக்கும் இழுக்க வேண்டாம்.

தூதரகம் தருகிற அவசரப் பயணப் பத்திரம் முழுப் பாஸ்போர்ட் மாதிரி இல்லை. பிரித்தானியா கொடுக்கிறது அதில் எழுதியிருக்கிற பயணத்துக்கு மட்டும்தான், லண்டனில் இறங்கியதும் வாங்கி வைத்துவிடுவார்கள். இடையில் மாறுகிற நாடு அதை ஏற்குமா என்று விமானக் கம்பனியிடம் முன்கூட்டிக் கேளுங்கள். புதுப் பத்திரத்தில் இலங்கைக்குள் வந்த முத்திரை இருக்காது, ஆகவே பத்தரமுல்லையில் உள்ள குடிவரவுத் திணைக்களத்துக்கு ஒரு நடை போய்ச் சரிசெய்தால் கட்டுநாயக்கவில் வியர்க்காது. கனடாவில் பிரஜை இல்லாமல் நிரந்தர வதிவிடம் மட்டும் உள்ளவர்கள் அந்தக் கார்ட்டைத் தொலைத்தால் அது வேறு பாதை: தனியாக ஒரு பயணப் பத்திரம் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும், கட்டணம் 50 கனடா டொலர். இதைத் தெரியாமல் நேரே விமான நிலையத்துக்குப் போய்த் திரும்பி வந்தவரை எனக்குத் தெரியும்.

இன்னொன்று, குளக்கட்டு. அந்த அம்மாவிடம் உள்ளதைச் சொல்லியிருக்க வேண்டும். நாளைக்கு வேறு ஒருவருடையது அவர் கண்ணில் பட்டாலும் இப்படித்தான் மூன்று நாள் கழித்துக் கொண்டு திரிவார். உடனே பொலிஸில் கொடுங்கள் என்று சொல்லியிருந்தால் அது ஒரு நல்ல காரியம்.

மடுவீதி

இங்கே எல்லாரும் வெளியிலிருந்து வந்தவர்கள். நான் இங்கிருந்து போனவள். முருங்கன் பக்கம், இலங்கைப் பாஸ்போர்ட். வேளாங்கண்ணிக்கு நேர்த்தி. திரும்பும் வழியில் ரயிலில் கைப்பை போய்விட்டது.

கொப்பி எடுத்தாச்சா அண்ணை, நான் கொப்பியும் வைத்திருந்தேன். கொப்பியும் அந்தக் கைப்பைக்குள்தான்.

பொலிஸ் நிலையத்தில் இலங்கைத் தமிழர் என்று சொன்னேன். எழுதிக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தாமலே, “எந்த கேம்ப்மா?” என்று கேட்டார். நான் கேம்ப் இல்லை, விசா எடுத்து விமானத்தில் வந்தவள் என்றேன். “சரி, எந்த கேம்ப்?” என்று இன்னொருமுறை. கெட்ட மனிதர் இல்லை, தண்ணீர்கூட எடுத்துத் தந்தார். அவருக்கு எங்களைத் தெரிந்த விதம் அது ஒன்றுதான். நான் பிறந்தது தமிழ்நாட்டில், மண்டபம் அகதி முகாமில். அதை அவரிடம் சொல்லவில்லை. அம்மா எங்களைத் தூக்கிக்கொண்டு ஊருக்குத் திரும்பி, என் பிறப்புப் பத்திரத்துக்கு அலைந்து, அப்புறம்தான் எனக்கு ஒரு பாஸ்போர்ட் வந்தது. அதைத்தான் தொலைத்துவிட்டு நிற்கிறேன்.

சென்னையில் எங்கள் துணை உயர்ஸ்தானிகராலயத்தில் ஊருக்குத் திரும்ப ஒரு தற்காலிகப் பத்திரம் தந்தார்கள். அதோடு முடியாது. இந்தியாவை விட்டு வெளியேற வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தின் அனுமதியும் வேண்டும், அதற்கு இணையத்தில் விண்ணப்பம். பொலிஸ் அறிக்கை இல்லாமல் இரண்டும் நடக்காது. விடுதி வாடகைக்குச் சங்கிலியை அடகு வைத்தேன். சங்கிலி இன்னும் அங்கேதான்.

குளக்கட்டு

கொப்பி எடுத்தாச்சா, சரி, சொல்லியிருக்கலாம். நான் கொழும்புக்கு வெளிக்கிடுகிறதுக்கு முதல் நாள் அந்த அம்மா மறுபடி வந்தார். வாழை இலையில் சுற்றிய புக்கை (பொங்கல்), வழியில் சாப்பிடச் சொல்லி. பொலிஸில் கொடுக்கிற விசயத்தைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள், “இப்ப அந்தப் புத்தகத்திலதானே தம்பி போறீங்கள்?” என்று கேட்டார்.

ஓம் அம்மா, அதிலதான் போறன் என்றேன்.