அப்பாவின் பஜனைப் பதிவுகளை 320 எம்பி3 ஆக்கினால் காதுக்குத் தெரியுமா?

கேள்வி

அப்பா மார்கழி பஜனையில் பாடிக்கொண்டே ஜால்ரா போடுவார். அவர் போவதற்கு முந்தைய இரண்டு மார்கழியிலும் ஒரு சின்ன ரெக்கார்டரில் பதிவு செய்து வைத்தேன். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், சுருக்காத வேவ் கோப்புகள். மணிக்கு ஒரு ஜிபி வீதம் 11 மணி நேரம். போனில் இடம் இல்லை. 320-ல், அதாவது விநாடிக்கு 320 கிலோபிட் வீதம், எம்பி3 ஆக்கினால் மணிக்கு 144 எம்பிதான் வரும். ஆனால் ஏழில் ஆறு பங்கைத் தூக்கிப் போட்ட பிறகு அது அப்பாவின் குரலாகவே இருக்குமா? கேட்டவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1

தாராளமாக மாற்றுங்கள். 320-க்கும் மூலத்துக்கும் எனக்கு ஒருநாளும் வித்தியாசம் தெரிந்ததில்லை.

பதில் 2

எனக்குத் தெரிகிறது. நல்ல ஹெட்போனில் வேவ் கேட்டால் குரலைச் சுற்றிக் காற்று இருக்கும், எம்பி3-ல் அது அடைபட்டுவிடும்.

பதில் 3

எது எந்தக் கோப்பு என்று தெரிந்துகொண்டு கேட்டால் எனக்கும் அந்தக் காற்று கேட்கும். அதனால் மறைத்து வைத்துத்தான் கேட்க வேண்டும்.

ஃபூபார்2000 என்ற கணினிப் பாட்டு மென்பொருளில் ஏபிஎக்ஸ் என்று ஒரு கூடுதல் வசதி உண்டு. ஏ மூலம், பி எம்பி3, எக்ஸ் இரண்டில் ஏதோ ஒன்று. எக்ஸ் எது என்று 16 முறை சொல்லுங்கள். 12 அல்லது அதற்கு மேல் சரியாக வந்தால் நம்பலாம். குருட்டாம்போக்கில் அது வருவதற்கு 4 சதவீதம்கூட வாய்ப்பில்லை. எம்பி3-ஐ அதே வேவ் கோப்பிலிருந்து நீங்களே செய்யுங்கள். ஒலியளவு ஒன்றாக இருக்கட்டும், இம்மி கூடினாலும் அதுதான் நன்றாக இருப்பதாகத் தோன்றும். ப்ளூடூத் வேண்டாம், அது தன் பங்குக்கு இன்னொரு முறை சுருக்கும்.

பாட்டை விட்டுவிட்டு ஜால்ரா தனியாக விழும் இடத்தை எடுங்கள். எம்பி3 ஒலியைச் சில மில்லி விநாடித் துண்டுகளாகப் பிரித்து, பலத்த ஓசை மறைத்துவிடும் மெல்லிய ஓசைகளில் சிக்கனம் பிடிக்கிறது. அதனால் வரும் இரைச்சல் துண்டு முழுக்கப் பரவும். துண்டின் நடுவில் ‘ணங்’ என்று அடி விழுந்தால், அடிக்கு முந்தைய அமைதியிலும் அந்த இரைச்சல் ஏறிவிடும். இப்படிச் சட்டென்று விழும் அடிகளைச் சோதிக்க ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியத்தின் சோதனைக் குறுவட்டில் காஸ்டனெட் என்ற ஸ்பானிய மரத்தாளம் இருக்கிறது. உங்கள் வீட்டில் ஜால்ராவே இருக்கிறது.

கேள்வி கேட்டவர்

மூன்று ராத்திரி உட்கார்ந்தேன். கம்பி ஹெட்போன், ஜால்ரா விழும் எட்டு விநாடி.

முதலில் இன்னும் அதிகமாகச் சுருக்கி, 128 கிலோபிட்டில். 16-க்கு 16. எங்கே கேட்க வேண்டும் என்று தெரிந்ததும் தவறவே இல்லை, அடி விழும் முன்னே ‘ஸ்ஸ்’ என்று ஒரு பூச்சு. அதே 128-ல் அப்பா பாடும் இடத்தை எடுத்தால் 10-தான். 320-ல் ஜால்ராவே 9. அதிலும் நான்கைந்து முறை ‘இதுதான், சத்தியமாக இதுதான்’ என்று அழுத்தினேன், தவறு.

பதில் 3

அப்போது போனுக்கு 320. ஆனால் வேவை அழித்துவிடாதீர்கள். நாளை இரைச்சல் நீக்கவோ வெட்டி ஒட்டவோ மூலம்தான் வேண்டும். எம்பி3-ஐத் திரும்பத் திரும்ப எம்பி3 ஆக்கினால் குறை கூடிக்கொண்டே போகும். ஃபிளாக் ஆக்கி வையுங்கள். அதுவும் சுருக்கம்தான், ஆனால் விரித்தால் ஒரு பிட் குறையாமல் திரும்ப வரும்.

கேள்வி கேட்டவர்

செய்துவிட்டேன். ஃபிளாக் இரண்டு ஹார்ட் டிஸ்கில், ஒன்று தம்பி வீட்டில். போனில் 320.

அப்புறம் ஒன்று. அந்த எட்டு விநாடியை அத்தனை தடவை கேட்டதில், இரண்டு அடிக்கு நடுவே அப்பா யாரிடமோ மெதுவாக ‘நீ பாடு’ என்கிறார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தது என் மகள். இரண்டு வருடமாக அது எனக்குக் கேட்டதில்லை. 128-லும் தெளிவாக இருக்கிறது.